விடிஐயில் ப்ரொஃபைலும் பயனர் போட்டுக்கொள்ளும் ஆப்பும்: எது எங்கே எழுதப்படுகிறது?

விர்ச்சுவல் டெஸ்க்டாப் சப்போர்ட்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே இரண்டு டிக்கெட் வந்துவிடும். ஒன்று, "நேத்து ஒரு ஆப் இன்ஸ்டால் பண்ணினேன், இன்னிக்குக் காணோம்". இன்னொன்று, "லாகின் பண்ணினா எல்லாமே புதுசா இருக்கு, டெஸ்க்டாப்ல வெச்சிருந்த ஃபைல்கூட இல்ல". பார்ப்பதற்குத் தனித்தனிப் புகார் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டையும் விசாரிக்கப் போனால் கேட்கவேண்டியது ஒரே கேள்விதான்: அந்த ஃபைல் டிஸ்க்கில் எந்த இடத்தில் எழுதப்பட்டது, அந்த இடம் லாக்ஆஃபுக்குப் பிறகும் இருக்குமா? ப்ரொஃபைல் மேனேஜ்மென்ட் என்ற பெயரில் விற்கப்படும் அத்தனை சாஃப்ட்வேரும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லப் பார்த்தவைதான்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். விடிஐ என்றால் உங்கள் விண்டோஸ் உங்கள் லேப்டாப்பில் ஓடாமல், டேட்டாசென்டரிலோ கிளவுடிலோ ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓடுகிறது. உங்கள் கையில் இருப்பது திரையும் கீபோர்டும்தான். இதில் இரண்டு வகை. ஒரு மெஷினை ஒரே ஆளுக்கு நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது பெர்சிஸ்டன்ட். ஒரு பூலில் நூறு மெஷின் வைத்து, யார் லாகின் செய்தாலும் காலியாக இருக்கும் ஒன்றைக் கொடுப்பது, வேலை முடிந்ததும் அதை ஆரம்ப நிலைக்குத் திருப்பிவிடுவது நான்-பெர்சிஸ்டன்ட். அந்த ஆரம்ப நிலைக்குத்தான் கோல்டன் இமேஜ் என்று பெயர். அட்மின் ஒரே ஒரு இமேஜைச் சரிசெய்து பேட்ச் போட்டால் நூறு மெஷினும் மறுநாள் புதிதாகிவிடும். நிறுவனங்கள் இந்த வகையை விரும்புவதற்குக் காரணம் இந்தச் சுலபம்தான்.

நான்-பெர்சிஸ்டன்ட் டெஸ்க்டாப்பைக் கல்யாண மண்டபம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். நீங்கள் என்ன அலங்காரம் செய்தாலும், மண்டபத்தைக் காலி செய்த மறுநிமிடம் கூட்டித் துடைத்து அடுத்தவருக்குத் தயார் செய்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியதை நீங்கள்தான் பெட்டியில் எடுத்துப்போக வேண்டும். விண்டோஸில் அந்தப் பெட்டிதான் யூசர் ப்ரொஃபைல்.

ப்ரொஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்தால் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுதான் ப்ரொஃபைல். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு முக்கியமான விஷயங்களும் இருக்கின்றன. ஒன்று என்டியூசர்.டாட் என்ற ஒற்றை ஃபைல். விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கரண்ட் யூசர் என்று ஒரு பகுதி பார்த்திருப்பீர்களே, அதன் பெரும்பகுதி இந்த ஃபைலில்தான் இருக்கிறது. நீங்கள் மாற்றிய விண்டோஸ் செட்டிங்குகளில் பெரும்பாலானவை, வால்பேப்பர் முதல் மவுஸ் வேகம் வரை, இங்கே வந்து உட்காரும். இன்னொன்று ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டர். அதற்குள் ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று மூன்று பிரிவு.

இந்த ரோமிங், லோக்கல் பிரிவை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளோடு கூடவே போகவேண்டியது ரோமிங்கில், அந்த மெஷினிலேயே கிடக்கலாம் என்பது லோக்கலில். இது மைக்ரோசாஃப்ட் போட்ட விதி. ஆனால் ஆப் எழுதுகிறவர்கள் இதை ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை. லோக்கல் என்றால் வேறு மெஷினுக்குக் கூடவே வரவேண்டியதில்லை என்று அர்த்தம். நடைமுறையில் குரோமின் புக்மார்க், ஹிஸ்டரி எல்லாம் இருக்கும் ஃபோல்டரே லோக்கலுக்குள்தான் இருக்கிறது. அவுட்லுக் மெயிலைச் சேமித்து வைக்கும் ஓஎஸ்டி ஃபைலும் அங்கேதான்.

பழைய வழி: காப்பி அடித்துத் தூக்கிப்போவது

விண்டோஸ் என்டி காலத்திலேயே ரோமிங் ப்ரொஃபைல் வந்துவிட்டது. யோசனை எளிது. லாகின் செய்யும்போது ஃபைல் சர்வரிலிருந்து உங்கள் ப்ரொஃபைலை மெஷினுக்குக் காப்பி செய், லாக்ஆஃபில் மாறியதைத் திரும்ப சர்வருக்கு அனுப்பு. ஆப்டேட்டா லோக்கலை மட்டும் தொடாதே. சின்ன ப்ரொஃபைல் இருந்த நாட்களில் இது போதுமானதாக இருந்தது. பிறகு ப்ரொஃபைல் ஜிபி கணக்கில் வளர்ந்தது. காலை ஒன்பது மணிக்கு ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்து, ஒவ்வொருவருக்கும் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல் நெட்வொர்க்கில் ஓடினால் "வெல்கம்" திரையைப் பார்த்துக்கொண்டு காபி குடித்து முடிக்கலாம். தவிர, இரண்டு மெஷினில் ஒரே நேரத்தில் லாகின் செய்திருந்தால் கடைசியாக லாக்ஆஃப் செய்தது எதுவோ அதன் செட்டிங்தான் நிற்கும். முன்னதில் செய்த மாற்றம் போயே போச்சு. விண்டோஸ் பதிப்பு மாறினால் ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஒட்டும் எண்ணும் மாறும். விண்டோஸ் 7-க்கு வி2, விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து வி6. பழையதும் புதியதும் ஒன்றையொன்று பார்க்காது, ஆகவே அப்கிரேட் அன்று எல்லோரும் காலி டெஸ்க்டாப்பைப் பார்ப்பார்கள்.

சுமையைக் குறைக்க ஃபோல்டர் ரீடைரக்ஷன் வந்தது. டாக்குமென்ட்ஸைக் காப்பி செய்யாமல் நேராக சர்வரிலேயே வைத்துக்கொள்வது. இது டாக்குமென்ட்ஸுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் ஆப்டேட்டா ரோமிங்கையும் ரீடைரக்ட் செய்தால், ஒவ்வொரு ஆப்பும் ஒவ்வொரு சின்ன செட்டிங்குக்கும் நெட்வொர்க்கைத் தட்டும். எல்லாமே இழுத்துக்கொண்டு ஓடும். அதைச் செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

இப்போதைய வழி: ப்ரொஃபைலை ஒரு டிஸ்க்காக மாட்டுவது

விண்டோஸ் சர்வர் 2012-இல் யூசர் ப்ரொஃபைல் டிஸ்க் என்ற ஒன்றை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. காப்பி அடிக்கும் வேலையையே விட்டுவிட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விர்ச்சுவல் டிஸ்க் ஃபைலை சர்வரில் வைத்து, லாகினில் அதை மாட்டி, லாக்ஆஃபில் கழற்றுவது. நல்ல தொடக்கம், ஆனால் வசதி குறைவு. இதே யோசனையை முழுமையாகச் செய்தது எஃப்எஸ்லாஜிக்ஸ். அந்த நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2018 நவம்பரில் வாங்கியது. இன்று மைக்ரோசாஃப்டின் கிளவுட் விடிஐ சேவையான அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் பூல் போடுகிற யாரும் அநேகமாக இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஃபைல் ஷேரில் உங்கள் பெயரில் ஒரு விஎச்டிஎக்ஸ் ஃபைல், அதாவது விர்ச்சுவல் டிஸ்க் ஃபைல், இருக்கும். இதைத்தான் கன்டெய்னர் என்கிறார்கள். நீங்கள் லாகின் செய்ததும் எஃப்எஸ்லாஜிக்ஸ் அதை ஒரு ஹார்ட் டிஸ்க் மாதிரி மெஷினில் மாட்டுகிறது. அப்புறம் அதன் ஃபில்டர் டிரைவர், சி டிரைவில் உங்கள் ப்ரொஃபைல் ஃபோல்டரைக் கேட்கும் எந்த ஆப்புக்கும் இந்த டிஸ்க்கின் உள்ளே இருப்பதைக் காட்டுகிறது. விண்டோஸைப் பொறுத்தவரை ப்ரொஃபைல் லோக்கலாக, வழக்கமான இடத்திலேயே இருக்கிறது. ஐந்து ஜிபி ப்ரொஃபைலாக இருந்தாலும் லாகினில் ஐந்து ஜிபியும் வராது. எந்த ஃபைலைத் திறக்கிறீர்களோ அதன் பகுதி மட்டும்தான் நெட்வொர்க்கில் வரும். முக்கியமாக, ஆப்டேட்டா லோக்கலும் இதற்குள் சேர்ந்துவிடுகிறது. அவுட்லுக் தினமும் காலையில் மெயிலை முதலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த தொல்லை ஒழிந்தது இதனால்தான்.

யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் உங்கள் பெயரோடு, முன்னால் "லோக்கல்" என்று ஒட்டிய இன்னொரு ஃபோல்டரும் தெரியும். கன்டெய்னருக்குள் போகவேண்டாம் என்று விலக்கியவை, டெம்ப் ஃபைல் போன்றவை, அங்கே விழும். இயல்பான அமைப்பில் லாக்ஆஃபிலேயே அது அழிந்துவிடும். டெம்ப் ஃபோல்டரில் முக்கியமான ஃபைலை வைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதான்.

கன்டெய்னர் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்ததா என்றால் இல்லை. இடம் மாறுகிறது. மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது ஸ்டோரேஜ் வேகம். மைக்ரோசாஃப்ட் சொல்லும் உத்தேசக் கணக்கு, சாதாரண வேலையில் ஆளுக்கு 10 ஐஓபிஎஸ் (ஒரு நொடியில் டிஸ்க்கில் எத்தனை முறை படிக்கவோ எழுதவோ முடியும் என்ற எண்ணிக்கை), லாகின், லாக்ஆஃப் நேரத்தில் ஆளுக்கு 50. நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தால் 5,000. இதைக் கணக்குப் போடாமல் ஏதோ ஒரு பழைய ஃபைல் சர்வரில் கன்டெய்னரை வைத்துவிட்டு, மெஷின்களுக்கு ராம் கூட்டிக்கொண்டே போனால் எதுவும் வேகமாகாது. சர்வரில் ஓடும் ஆன்டிவைரஸ் விஎச்டிஎக்ஸ் ஃபைலைத் தொடாதபடி விலக்கு கொடுப்பதும் இதோடு சேர்ந்த வேலை.

இரண்டாவது பூட்டு. சாதாரண அமைப்பில் ஒரு கன்டெய்னரை ஒரு நேரத்தில் ஒரு செஷன்தான் எழுதும் உரிமையோடு திறக்க முடியும். ஒரு மெஷினில் டிஸ்கனெக்ட் ஆகிக் கிடக்கும் செஷன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு மெஷினில் லாகின் செய்தால் மாட்டமுடியாது. இங்கேதான் ஒரு ஆபத்து. மாட்டமுடியாவிட்டாலும் விண்டோஸ் ஒரு தற்காலிக ப்ரொஃபைலைக் கொடுத்து உள்ளே விட்டுவிடக்கூடும். பயனர் ஏதோ வித்தியாசமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே சாயங்காலம் வரை வேலை பார்ப்பார், லாக்ஆஃபில் அத்தனையும் அழியும். முதலில் சொன்ன "எல்லாமே புதுசா இருக்கு" டிக்கெட் பெரும்பாலும் இதுதான். கன்டெய்னர் கிடைக்காவிட்டால் லாகினையே தடுக்கும் செட்டிங் எஃப்எஸ்லாஜிக்ஸில் இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். உள்ளே நுழையமுடியவில்லை என்று பத்து நிமிடம் கோபப்படுகிறவரைச் சமாதானப்படுத்தலாம். ஒரு நாள் உழைப்பைத் தொலைத்தவரிடம் சொல்ல எதுவும் இருக்காது.

மூன்றாவது வீக்கம். கன்டெய்னரின் இயல்பான உச்ச அளவு 30,000 எம்பி, அதாவது ஏறக்குறைய 30 ஜிபி. தேவைக்கேற்ப வளரும், ஆனால் உள்ளே ஃபைலை அழித்தாலும் வெளியே விஎச்டிஎக்ஸ் சுருங்காது. எஃப்எஸ்லாஜிக்ஸின் 2210 பதிப்பிலிருந்து லாக்ஆஃபில் தானாகச் சுருக்கும் வசதி வந்திருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு ஓட்டுகிறீர்கள் என்றால் இதற்காகவே அப்டேட் செய்யலாம்.

சரி, பயனர் போடும் ஆப்?

முதல் டிக்கெட்டுக்கு வருவோம். நேற்று போட்ட ஆப் இன்று ஏன் இல்லை? "ஆப்" என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அது எங்கே எழுதுகிறது என்று பார்த்தால் நடத்தை முற்றிலும் வேறுபடும்.

மெஷின் முழுமைக்கும் போடும் ஆப், ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலும் ரெஜிஸ்ட்ரியின் லோக்கல் மெஷின் பகுதியிலும் எழுதும். இதற்கு அட்மின் உரிமை வேண்டும். இரண்டு இடமும் ப்ரொஃபைலுக்கு வெளியே இருப்பதால், எந்த ப்ரொஃபைல் கருவி போட்டிருந்தாலும் மெஷின் ரீசெட் ஆனதும் இது போய்விடும்.

ஆளுக்கென்று போடும் ஆப், ஆப்டேட்டா லோக்கலில் எழுதும். ரெஜிஸ்ட்ரியில் கரண்ட் யூசர் பகுதியை மட்டும் தொடும். அட்மின் உரிமை வேண்டாம். விஎஸ் கோடின் யூசர் செட்டப் அப்படித்தான். அட்மின் உரிமை இல்லாமல் குரோம் போட்டாலும் அப்படித்தான் உட்காரும். கன்டெய்னர் இருந்தால் இந்த வகை ஆப் மறுநாள் வேறு மெஷினில் லாகின் செய்தாலும் அப்படியே இருக்கும், யாரும் எதுவும் செய்யவேண்டாம். ரோமிங் ப்ரொஃபைலில் என்ன ஆகும் என்பதுதான் பார்க்கவேண்டிய காட்சி. டெஸ்க்டாப்பில் ஐகான் வந்திருக்கும், ஏனென்றால் டெஸ்க்டாப் ஃபோல்டர் ரோம் ஆகிறது. ஸ்டார்ட் மெனுவிலும் பெயர் இருக்கும், அந்த ஷார்ட்கட் ஆப்டேட்டா ரோமிங்கில் இருக்கிறது. செட்டிங்ஸில் இன்ஸ்டால் ஆன ஆப் பட்டியலிலும் இருக்கும், அந்தப் பதிவு கரண்ட் யூசர் ரெஜிஸ்ட்ரியில் இருப்பதால். ஐகான் மட்டும் படம் இல்லாமல் வெள்ளையாக இருக்கும். க்ளிக் செய்தால் ஃபைல் இல்லை என்று சொல்லும், ஏனென்றால் உண்மையான ப்ரோகிராம் லோக்கலில் இருந்தது, லோக்கல் வரவில்லை. வெள்ளை ஐகானைப் பார்த்தால் ஆப்பைத் திரும்ப இன்ஸ்டால் செய்துகொடுத்துவிட்டு டிக்கெட்டை மூடிவிடாதீர்கள். நாளைக்கு அதே டிக்கெட் திரும்ப வரும்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து போடும் ஆப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பயனர் அட்மின் உரிமை இல்லாமலேயே போடலாம், டேட்டா ஆப்டேட்டா லோக்கலில் இருக்கும், ஆனால் ப்ரோகிராம் ஃபைல்கள் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் விண்டோஸ் ஆப்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். எனவே கன்டெய்னர் இருந்தும் ஆப் காணாமல் போகலாம், செட்டிங் மட்டும் மிஞ்சியிருக்கும்.

மெஷின் அளவில் போட்ட ஆப்பையும் ஆளோடு கூட்டிச்செல்ல முடியாதா என்று பல நிறுவனங்கள் முயன்றன. சிட்ரிக்ஸ் 2011-இல் ரிங்க்யூபை வாங்கி பெர்சனல் விடிஸ்க் கொண்டுவந்தது, பிறகு அதைக் கைவிட்டு, 2017-இல் யூனிடெஸ்க்கை வாங்கி ஆப் லேயரிங்கும் அதில் யூசர் லேயரும் தந்தது. விஎம்வேர் 2014-இல் கிளவுட்வால்யூம்ஸை வாங்கியது; அதிலிருந்து வந்த ஆப் வால்யூம்ஸில் ரைட்டபிள் வால்யூம் என்று ஒரு டிஸ்க் உண்டு, பயனர் போடும் ஆப் எல்லாம் அதில் எழுதப்படும். விஎம்வேரின் அந்த டெஸ்க்டாப் பிரிவு 2024-லிருந்து ஆம்னிஸா என்ற பெயரில் தனி நிறுவனம். எல்லாவற்றின் உள்ளேயும் ஒரே தந்திரம்: கோல்டன் இமேஜுக்கு மேலே ஆளுக்கு ஒரு எழுதும் அடுக்கு, ப்ரோகிராம் ஃபைல்ஸில் எழுதினாலும் அந்த அடுக்கில் போய் விழும்.

கேட்க நன்றாக இருக்கும். சிக்கல் இமேஜை அப்டேட் செய்யும் நாளில் வரும். ஒருவர் தன் அடுக்கில் ஏதோ ஒரு ஆப் போட்டபோது அது பல ஆப்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு டிஎல்எல் ஃபைலின் (ப்ரோகிராம் கோட் இருக்கும் ஃபைல்) பழைய பதிப்பையும் எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்மின் இமேஜில் புதிய பதிப்பைப் போடுகிறார். மேலே இருக்கும் அடுக்குதான் ஜெயிக்கும் என்பதால் அந்த ஒருவருக்கு மட்டும் பழையதே தெரியும், அவருக்கு மட்டும் ஏதோ ஒன்று உடையும். ஐந்நூறு பேரில் ஐந்நூறு விதமான அடுக்கு என்றால், ஒரே இமேஜ் வைத்துப் பராமரிக்கும் சுலபத்துக்காக விடிஐ போட்டதே வீண். அதனால்தான் என்னைக் கேட்டால் ரைட்டபிள் அடுக்கை எல்லோருக்கும் கொடுக்கக்கூடாது. டெவலப்பர் போல உண்மையிலேயே தினமும் எதையாவது போட்டுப் பார்க்கவேண்டியவர்களுக்கு ஒரு பெர்சிஸ்டன்ட் மெஷின் கொடுத்துவிடலாம். விண்டோஸ் 365 மாதிரி ஆளுக்கு ஒரு கிளவுட் பிசி கொடுக்கும் சேவைகளும் இருக்கின்றன. செலவு கூடும், குழப்பம் குறையும்.

மற்றவர்களுக்கு? ஆப்பை அவர்கள் போடவேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. எல்லோருக்கும் வேண்டியது கோல்டன் இமேஜில். சிலருக்கு மட்டும் வேண்டியதை இமேஜிலேயே போட்டுவிட்டு, எஃப்எஸ்லாஜிக்ஸின் ஆப் மாஸ்கிங் கொண்டு உரிமை இல்லாதவர் கண்ணிலிருந்து மறைக்கலாம். அடிக்கடி பதிப்பு மாறும் ஆப்பை எம்எஸ்ஐஎக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் வடிவத்தில் பேக்கேஜாக்கி, அஷூரில் ஆப் அட்டாச் என்ற வசதி மூலம் லாகினில் மாட்டலாம். இமேஜைத் தொடவே வேண்டாம்.

ஆளுக்கென்று போடும் ஆப்பை முழுக்கத் திறந்துவிடுவதா, தடுப்பதா என்பதில் அலுவலகங்களில் நீண்ட வாக்குவாதம் நடக்கும். திறந்துவிடுவதன் விலையை முதலில் பாருங்கள். 400 எம்பி ஆப் ஒன்றை 500 பேர் தனித்தனியாகப் போட்டால் ஒரே ப்ரோகிராமுக்கு 200 ஜிபி ஸ்டோரேஜ். ஒவ்வொரு பிரதியும் தனித்தனியாக அப்டேட் ஆகும், சிலது ஆகாமலே கிடக்கும். இதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. நான்-பெர்சிஸ்டன்ட் மெஷின் தினமும் சுத்தமாகிறது, ஆகவே வைரஸ் தங்காது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அட்மின் உரிமை இல்லாத மால்வேரும் எழுதும் இடம் ஆப்டேட்டாதான், தானாக ஓட ஏற்பாடு செய்துகொள்ளும் இடம் கரண்ட் யூசர் ரெஜிஸ்ட்ரிதான். இரண்டும் கன்டெய்னருக்குள் பத்திரமாக இருக்கின்றன. மெஷினை எத்தனை தடவை அழித்தாலும் அடுத்த லாகினில் அதுவும் கூடவே வரும்.

இதற்கு விண்டோஸிலேயே ஆப்லாக்கர் இருக்கிறது. அதன் இயல்பான விதிகள் சாதாரணப் பயனருக்கு விண்டோஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஆகிய ஃபோல்டர்களிலிருந்து ஓடுவதை மட்டும் அனுமதிக்கும். ஆப்டேட்டாவிலிருந்து ஓட முயலும் ப்ரோகிராம் நின்றுவிடும். ஆனால் ஒரே நாளில் தடையைப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஆடிட் முறையில் சில வாரம் ஓடவிடுங்கள். அது எதையும் தடுக்காது, தடுத்திருந்தால் எதைத் தடுத்திருக்கும் என்று ஈவென்ட் லாகில் எழுதி மட்டும் வைக்கும். அந்தப் பட்டியல் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம், ஏனென்றால் மக்கள் உண்மையில் எதை வைத்து வேலை செய்கிறார்கள் என்று அதில்தான் தெரியும். ஒரே ஸ்கிரீன்ஷாட் கருவியை நாற்பது பேர் தாங்களாகவே போட்டிருந்தால் அது உங்கள் இமேஜில் இருந்திருக்கவேண்டியது. அதை இமேஜில் சேர்த்த பிறகு தடை போட்டால் யாரும் புகார் சொல்லமாட்டார்கள். சேர்க்காமல் தடை போட்டால் அந்த நாற்பது பேரும் அதே வேலையைச் செய்ய வேறு குறுக்குவழி தேடுவார்கள்.

கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி. சோதனைப் பூலில் லாகின் செய்து ஏதாவது ஒரு ஆப்பைப் போடுங்கள். போடும்போதே ப்ராசஸ் மானிட்டர் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியை ஓடவிட்டு, அது எந்தெந்த ஃபோல்டரில், ரெஜிஸ்ட்ரியின் எந்தப் பகுதியில் எழுதுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் எது மிஞ்சும், எது போகும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவிட்டு லாக்ஆஃப் செய்யுங்கள். வேறு மெஷினில் லாகின் செய்து தாளோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் ப்ரோகிராம் டேட்டாவுக்குள் எஃப்எஸ்லாஜிக்ஸ் ஃபோல்டரில் லாக்ஸ் இருக்கிறது. அதில் ப்ரொஃபைல் என்ற பெயரில் இருக்கும் அன்றைய ஃபைலைத் திறந்து, கன்டெய்னர் மாட்டப்பட்டதா என்பதிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.